ஜமீன்தாருக்குக் கண் தெரியாதா?

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடை வைத்திருந்த கியாசுதீன் பாய், ஊறுகாய் ஜாடியை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே பிடித்தால் போதும், உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் சொல்லிவிடுவார். செராமிக் சூளைகளிலிருந்து வந்து இறங்கும் ஜாடி, கப்பு, சாஸர் எல்லாம் அந்த விரலுக்குத் தப்பித்துத்தான் அலமாரி ஏறவேண்டும். 'ணங்' என்றால் உள்ளே. 'டொக்' என்றால் ஓரமாக வை.

தொல்லை என்னவென்றால், கதைகளையும் அவர் அப்படியே சுண்டிப் பார்ப்பார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். "ஏங்க, கதாநாயகன் கன்னத்துல ஒரு மருவை ஒட்டிக்கிட்டு வந்தான். பெத்த தாய்க்கே அடையாளம் தெரியல. அது எப்படிங்க?" பக்கத்து சீட்டுக்காரர் டீ குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து போவார். திரும்பி வந்து வேறு வரிசையில் உட்காருவார்.

இப்படிப்பட்ட மனிதரைப் போய் நாடகத்தில் வில்லனாகப் போட்டார் கனகசபாபதி.

கனகசபாபதி பள்ளிக்கூட வாத்தியார். பாய் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அறுபத்தேழாம் வருஷ வாக்கில் ஊர் ஆட்கள் சிலரைச் சேர்த்து நாடக மன்றம் ஒன்றை ஆரம்பித்து, 'இருட்டுப் புலி' என்று ஒரு நாடகமும் எழுதிவிட்டார். கதை சின்னதுதான். கொடுமைக்கார ஜமீன்தார் ஒருவர். அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளை முத்தையன், எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற அப்பாவி. ஆனால் ஏழை பாழைகளுக்கு ஒரு கஷ்டம் என்றால் கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு இருட்டுப் புலியாக மாறி, கூரையிலிருந்து குதித்து, ஜமீன்தாரின் அடியாட்களைத் துவைத்து எடுத்துவிடுவான். புலி யார், புலி யார் என்று ஜமீன்தார் கடைசி சீன் வரைக்கும் தேடிக்கொண்டே இருப்பார்.

முத்தையனாகவும் புலியாகவும் நடிக்க, தபால் ஆபீஸ் ஜம்புநாதன் கிடைத்தார். ஜமீன்தாருக்குத்தான் ஆள் அகப்படவில்லை. ஒரு நாள் கியாசுதீன் பாய், வைக்கோல் போதாமல் ஜாடிகளை அடுக்கிக்கொண்டு வந்த வண்டிக்காரனைக் கடை வாசலில் நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் பாலக்கரை வரைக்கும் கேட்டதாம். "இவருக்கு மைக் செட்டே வேண்டாம்" என்று வாத்தியார் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

பாய் தன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அமீர் நிஷா பெண்ணாடத்துப் பெண். அதிர்ந்து பேசாதவள் என்று பேர் வாங்கியவள்.

"என்ன வேஷம் மச்சான்?"

"வில்லன். ஊரையே உருட்டி மெரட்டுற ஜமீன்தாரு."

"அப்ப புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம்."

"என்ன சொன்னே?"

"நல்லா கத்துக்குங்கன்னு சொன்னேன்."

"ஒண்ணு சொல்லிடுறேன் நிஷா. நீ நாடகத்துக்கு வரக் கூடாது. கூட்டத்துல நீ உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா எனக்கு வசனம் வராது."

அவள் தலையை ஆட்டினாள்.

ஒத்திகை ஆரம்பித்த அன்றே வாத்தியாருக்குத் தலைவலியும் ஆரம்பித்தது.

"சார், இந்த முத்தையன் என் வூட்டுல எத்தனை வருசமா வேலை பாக்குறான்?"

"இருபது வருசம் பாய்."

"தினம் என் முன்னாடி வந்து நிக்கிறான். கண்ணுல ரெண்டு விரல் அகலத்துக்குத் துணி கட்டிக்கிட்டா எனக்கு ஆள் தெரியாமப் போயிடுமா? மூக்கு வெளிய இருக்குது. வாய் வெளிய இருக்குது. ஜம்பு சார் மீசை அப்படியே இருக்குது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதாச்சே!"

"அது நாடகத் தர்மம் பாய்."

"சரிங்க, தர்மம். மூணாவது சீன்ல நான் புலியை இடது கையில சுடுறேன். மறுநாள் முத்தையன் இடது கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். நான் என்ன கேக்குறேன்? 'அடேய், நேத்து வரவு எவ்வளவு?'ன்னு கேக்குறேன். கையில என்னடா கட்டுன்னு கேக்க மாட்டேனா? ஜமீன்தாருக்குக் கண் தெரியாதா?"

ஜம்புநாதனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பேசினாலும் முதலில் தொண்டையை 'க்ஹும்' என்று செருமிக்கொள்வார். முத்தையனும் செருமுவான், புலியும் செருமும். அதையும் பாய் விடவில்லை. ஆனால் அவருக்கு ஆறவே ஆறாதது ஐந்தாவது சீன். ஜமீன்தார் புலியைப் பிடித்தே விடுகிறார். தூணில் கட்டியும் விடுகிறார். முகத்தில் இருக்கிற துணியை இழுத்தால் முடிந்தது. அதைச் செய்யாமல், "நாளைக் காலையில் உன் முகத்திரையைக் கிழிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

"ஏன் சார் நாளைக் காலையில? இன்னைக்கு எனக்கு என்ன வேலை?"

வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "பாய், நீங்க இப்பவே கண்டுபிடிச்சிட்டா நாடகம் அஞ்சாவது சீன்லயே முடிஞ்சிடும். அதுக்கப்புறம் இன்னும் நாலு சீன் எழுதி வச்சிருக்கேன்."

வெளியே சொல்ல முடியாத ஆத்திரத்தையெல்லாம் பாய் வீட்டில் வந்து கொட்டினார். அமீர் நிஷா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். சில சமயம் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொள்வாள். வெங்காய நெடி என்று பாய் நினைத்துக்கொள்வார்.

முதல் நாடகம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சாயங்காலம் நடந்தது. நல்ல கூட்டம். ஐந்தாவது சீனில் பாய் புலியைத் தூணில் கட்டிவிட்டு, வயிற்றெரிச்சலோடு அந்த வசனத்தைச் சொல்லி, இரண்டு எட்டு வைத்திருப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கால் பேசுகிற ஒரு கீச்சுக்குரல் எழும்பியது.

"யோவ் ஜமீன்தாரே! மூஞ்சிய பாக்காம எங்கய்யா ஓடுறே? வூட்டுல கொழம்பு ஆறுதா?"

மைதானம் கொல்லென்று சிரித்தது. தூணில் கட்டியிருந்த புலியே சிரித்துவிட்டது. பாய்க்கு முகம் சிவந்து, உள்ளே போக வேண்டிய பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய்த் தடுப்புத் துணியில் முட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஊரில் நடந்த ஒவ்வொரு நாடகத்திலும் அந்தக் குரல் வந்தது. கட்டுப் போட்ட கையோடு முத்தையன் வந்தால், "கையப் பாருய்யா, கைய!" என்றது. புலி செருமினால், "இருமலுக்கும் முகமூடி போடச் சொல்லுங்க!" என்றது. நாளாவட்டத்தில் ஜனங்கள் புலியைப் பார்க்க வருகிறார்களா, குரலைக் கேட்க வருகிறார்களா என்றே தெரியாமல் போயிற்று. குரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ஆண்கள் பக்கத்திலிருந்து, "எங்க, இன்னும் ஆரம்பிக்கல?" என்று கேட்டார்கள்.

பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் சொன்னதெல்லாம் அவர் சொல்ல நினைத்தது. அவர் சரக்கை அவர் மேலேயே எறிகிறாள் ஒருத்தி. யார் அவள்? ஒத்திகைக்கு வந்த யாரோதான் வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று துப்புத் துலக்க ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் கவனித்தார். விருத்தாசலத்தில் நடந்தால் குரல் வருகிறது. சேத்தியாத்தோப்பில் நடந்தபோது வரவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்தபோதும் வரவில்லை. பெண்ணாடத்தில் நடந்தபோது மட்டும் வந்தது. அந்த வாரம் அமீர் நிஷா பெண்ணாடத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அதை பாய் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்களே, அது. நாடகம் நடக்கிற ஊருக்கெல்லாம் கூடையோடு வந்து வேர்க்கடலை விற்கிற ஆண்டாள்தான் அந்தக் குரல் என்று முடிவு கட்டினார். அப்படியானால் சேத்தியாத்தோப்பில் ஏன் பேசவில்லை? அங்கே வியாபாரம் மும்முரம், வாயைத் திறக்க நேரமிருந்திருக்காது என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். இதே காரணத்தைக் கனகசபாபதி நாடகத்தில் எழுதியிருந்தால் பாய் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

ஆண்டாளைக் கடைவீதியில் மடக்கினார்.

"என்னம்மா, நாடகத்துல வாய் ரொம்ப நீளுது?"

ஆண்டாள் கூடையை இறக்கி வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பாயி, எனக்கு ஒருத்தரைத் திட்டணும்னா மூக்கப் புடிச்சிக்கிட்டுத் திட்டுற வழக்கம் கெடையாது. நேருக்கு நேரா நின்னு திட்டுவேன். இப்பத் திட்டிக் காட்டட்டுமா?"

"வேணாம்மா, வேணாம்."

"அவ்ளோ பெரிய காது வச்சிருக்கீங்க. ஜாடியச் சுண்டிக் கேக்குறீங்க. போங்க, வூட்டுக்குப் போயி நாலு பாத்திரத்தச் சுண்டிப் பாருங்க."

சுற்றியிருந்த கடைக்காரர்கள் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். முடிவெட்டுகிற தங்கராசு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்டாள் என்ன சொன்னாள் என்று பாய்க்கு அப்போதும் உறைக்கவில்லை.

நடந்தது இதுதான். நாடகத்தன்று பாய் வேஷம் போடக் கிளம்பியதும், "வாத்தியாரம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று பக்கத்தில் சொல்லிவிட்டு அமீர் நிஷா கிளம்புவாள். வாத்தியார் மனைவி பட்டம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவாள். நாலைந்து பெண்களுக்கு நடுவில் முக்காட்டோடு உட்கார்ந்து, முந்தானைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பாள். கடைசி சீன் முடிவதற்குள் குறுக்குச் சந்தில் நடந்து வீடு வந்து சேர்ந்துவிடுவாள். பெண்கள் பக்கத்துக்குத் தெரிந்தது, பிறகு ஆண்கள் பக்கத்துக்கும் தெரிந்தது. வாத்தியாருக்குத் தெரியும், ஜம்புநாதனுக்குத் தெரியும், மைக் செட்டுக்காரருக்குத் தெரியும். கூட்டிவைத்துப் பேசாமலே ஊர் முழுக்க ஒரு ஒப்பந்தம்: பாய்க்குச் சொல்லக் கூடாது.

இப்படியே வருஷங்கள் ஓடின. எழுபத்து நாலாம் வருஷ மாசி மகத்தை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் ஊரில் இருந்தது. அன்றைக்கு அந்தக் குரல் இரண்டாவது சீனிலேயே பாயைப் பிடித்துக்கொண்டது. மீசையை முறுக்கினால் ஒன்று, சாட்டையைச் சொடுக்கினால் ஒன்று. ஐந்தாவது சீன் வந்தபோது பாய் கொதித்துப்போயிருந்தார். புலியைத் தூணில் கட்டினார். "நாளைக் காலையில்..." என்று ஆரம்பித்தார். பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. அவ்வளவுதான். திரும்பி வந்தார். ஜம்புநாதன் முகத்திலிருந்த கறுப்புத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

"அடேய் முத்தையா! நீதானா!"

இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் கிடந்த வசனம். மைதானமே அதிர்ந்தது. நாலு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"பாய், என்ன பண்றீங்க?" ஜம்புநாதன் உதடு அசையாமல் கேட்டார். "நான் இன்னும் தப்பிக்கல."

திரைக்குப் பக்கத்தில் கனகசபாபதி துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மிச்சம் நாலு சீனும் போச்சு. மேடையில் யாருக்கும் அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. "க்ஹும்" என்றார் ஜம்புநாதன். "ஆமாங்க. நான்தாங்க." அதற்கு மேல் அவருக்கும் ஓடவில்லை. பாய் கையில் துணியோடு நின்றார். கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்போது அந்தக் கீச்சுக்குரல் வந்தது.

"இப்ப கண்டுபிடிச்சு என்னய்யா பிரயோசனம்? இருபது வருசமா உன் எதுர்ல வந்து நிக்கிறான். ஒரு நாளாவது நிமிந்து அவன் மூஞ்சியப் பாத்திருக்கியா?"

பேசப் பேச அவளுக்கு வேகம் வந்துவிட்டது. பிடித்திருந்த மூக்கை விட்டுவிட்டாள்.

"கூப்புட்டா வந்தான். சொன்ன வேலையச் செஞ்சான். போயிட்டான். அவனுக்கு மூக்கு இருக்குதா, முழி இருக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்? துணி கட்டாம வந்திருந்தாலும் உனக்கு ஆள் தெரிஞ்சிருக்காதுய்யா!"

பாயின் காதில் 'ணங்' என்றது. விரிசல் இல்லாத, சொந்த வீட்டுச் சாமான்.

பெண்கள் பக்கம் திரும்பினார். பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு முக்காடு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு மைதானத்தைப் பார்த்தார். தங்கராசு, டீக்கடைக்காரர், செராமிக் ஆட்கள், கடலைக் கூடையோடு ஆண்டாள், ஒருத்தர்கூடப் புலியைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் விஷயம் தெரியாதிருந்த ஒரே ஆள் தான்தான் என்று பாய்க்கு விளங்கியது. காது மடல் சுட்டது. கோபம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. இத்தனை வருஷமாக அவள் உள்ளூரில் ஒரு நாடகம் விடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கும் ஒரு வசனம்கூட மறக்கவில்லை.

பாய் கறுப்புத் துணியை உதறினார். ஜம்புநாதன் முகத்தில் வைத்து, பின்னால் கொண்டுபோய் நிதானமாக முடிச்சுப் போட்டார். மூக்குப் பக்கம் கொஞ்சம் இழுத்துச் சரி செய்தார். பிறகு மைக்குக்கு வந்தார்.

"யாரடா நீ? உன்னை இதுவரை நான் பார்த்ததே இல்லை. என் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை, என் காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக் காலையில் உன் முகத்திரையைக் கிழிக்கிறேன்!"

சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, போக வேண்டிய பக்கமே கம்பீரமாகப் போனார். அன்றைக்கு எழும்பிய சிரிப்பும் விசிலும் மணிமுத்தாற்றுக்கு அக்கரையில் கேட்டதாம். மிச்ச நாலு சீனும் குறையில்லாமல் நடந்தன.

வீட்டுக்கு வந்தார். அமீர் நிஷா தட்டு வைத்துச் சோறு போட்டாள். சாதாரணமாகத்தான் இருந்தாள். குழம்பு மட்டும் ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

"நாடகம் எப்படி மச்சான்?"

"பரவால்ல. அந்த வாய்க்காரி இன்னைக்கும் வந்திருந்தா."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

பாய் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"இந்த மூக்குத்தி எப்ப போட்டே?"

"போன ரம்ஜானுக்கு."

பாய் ஒரு வாய் சோறு அள்ளி மென்று விழுங்கினார்.

"தெரியல நிஷா. அந்தப் பக்கம் வெளிச்சம் பத்தல."

"போவட்டும் விடுங்க. அடுத்த தடவை புடிச்சிடலாம்."

அடுத்த தடவை பிடிக்கவில்லை, அதற்கடுத்த தடவையும் பிடிக்கவில்லை. ஆனால் நாடகத்துக்கு முன்னால் வீட்டில் பாய் சத்தமாகக் கவலைப்பட ஆரம்பித்தார். "நாலாவது சீன்ல நான் கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாருவேன். அந்த எடத்துல அந்தம்மா என்ன சொல்லுமோ, பயமா இருக்குது." அமீர் நிஷா அடுப்பைப் பார்த்தபடி, "பாவம் மச்சான் நீங்க" என்பாள். நாலாவது சீனில் வர வேண்டியது வந்துவிடும்.

கனகசபாபதி சும்மா இருப்பாரா? இருபது வருஷமாக நிமிர்ந்து பார்க்காததைப் பற்றி அந்தக் குரல் பேசியதை அப்படியே எடுத்துக் கடைசி சீனில் முத்தையன் வசனமாகச் சேர்த்துவிட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் அந்த வசனத்துக்காக அவருக்கு ஒரு ரோஜா மாலை விழுந்தது. மாலையோடு வீட்டுக்கு வந்தவரை பட்டம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள். "உரியவா ஆத்துல கொண்டுபோய்க் கொடுத்துட்டு உள்ளே வாங்கோ." வாத்தியார் இரண்டு வீடு தள்ளி நடந்தார். "ஜமீன்தாருக்குன்னு குடுத்தாங்க" என்று சொல்லி மாலையை அமீர் நிஷா கையில் கொடுத்தார். அவளும் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டாள்.

எழுபத்தாறில் பாயின் மைத்துனர் கலீல் ரஹ்மான் துபாயிலிருந்து விசா அனுப்பினார். அங்கேயும் பாத்திரக் கடைதான். பாய் போனார். ஜங்ஷன் ரோட்டுக் கடையை அமீர் நிஷா பார்த்துக்கொண்டாள். அதிர்ந்து பேசாதவள் வைக்கோல் இல்லாமல் சரக்கு கொண்டுவந்த வண்டிக்காரனிடம் பேசியதைக் கேட்டவர்கள், பாய் எவ்வளவோ தேவலை என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது, டீக்கடையில் வாத்தியார் சொன்னார்: "நாடகம் இப்பவும் போடுறோம் பாய். பேங்க்கு ஆள் ஒருத்தர்தான் ஜமீன்தார். ஒல்லி. ஆனா ஒரு குறை. அந்தக் குரல் வர்றதில்ல. அந்தம்மா வருது, உக்காருது, வாயைத் தொறக்கிறதில்ல. ஜனங்க அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போயிடுறாங்க. ஏன்மான்னு பட்டம்மா கேட்டிருக்கா. 'ஊரான் வூட்டு ஜமீன்தாரைத் திட்ட எனக்கு என்ன பாத்தியதை இருக்குது?'ன்னு சொல்லிச்சாம்."

பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் சாப்பிடும்போது கேட்டார்.

"ஏன் நிஷா, அந்த வாய்க்காரி இப்பல்லாம் பேசுறதில்லியாமே?"

"ஆமாம் மச்சான். அவ வூட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காராம்."

"அவரு எப்ப வருவாராம்?"

"அது அவருக்குத்தான் தெரியும். நீங்க சாப்புடுங்க."

மறு வருஷமே பாய் துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். கடைக்குப் போனால் கல்லாவில் அமீர் நிஷா இருந்தாள். எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்து ஓரமாகப் போட்டு உட்கார்ந்து, வந்த சரக்கை ஒவ்வொன்றாகச் சுண்ட ஆரம்பித்தார்.